விழப்போகிறது என்று தெரிந்தும்: ஒரு பியானோவும் 133 படிகளும்

சினிமா விமர்சனங்களில் 'ஸ்லாப்ஸ்டிக்' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. பெரும்பாலும் குறை சொல்வதற்குத்தான். "இரண்டாம் பாதி முழுக்க ஸ்லாப்ஸ்டிக்" என்று ஒருவர் எழுதினால், அடித்துக்கொண்டார்கள், விழுந்தார்கள், கத்தினார்கள், சிரிப்பு மட்டும் வரவில்லை என்று நாமே புரிந்துகொள்கிறோம். சின்னப் பிள்ளைகளுக்கான சமாச்சாரம், யோசனை எதுவும் தேவையில்லாத வேலை, ஒருவர் வழுக்கி விழுந்தால் போதும் என்கிற எண்ணம் பரவலாக இருக்கிறது.

எனக்கு இதில் நீண்ட நாள் மனத்தாங்கல் உண்டு. ஒருவர் விழுவது வேடிக்கையாக இருக்க வேண்டுமானால், அதற்கு முன்னால் எவ்வளவோ வேலை நடந்திருக்க வேண்டும். அந்த வேலை என்ன என்று காட்ட ஒரே ஒரு குறும்படத்தை எடுத்துக்கொள்கிறேன். 1932-இல் வந்த, லாரலும் ஹார்டியும் நடித்த 'தி மியூசிக் பாக்ஸ்'. சுமார் அரை மணி நேரப் படம். ஒல்லியானவர் லாரல், குண்டானவர் ஹார்டி. படம் பார்க்காதவர்களும் இவர்களின் முகங்களைப் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்வார்கள். இந்தப் படத்தைப் பல முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடங்களில் சிரிக்கிறேன், ஒரே இடங்களில் பொறுமை இழக்கிறேன். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

முதலில் அந்தச் சொல்

ஸ்லாப்ஸ்டிக் என்பது முதலில் ஒரு பொருளின் பெயர். 16-ஆம் நூற்றாண்டு முதல் இத்தாலியில் முகமூடி போட்டு ஊர் ஊராக நாடகம் நடத்திய குழுக்கள் இருந்தன. கொமேடியா டெல் ஆர்ட்டே என்று அந்த நாடக வகைக்குப் பெயர். அதில் வரும் வேலைக்காரக் கோமாளி கையில் ஒரு மட்டை வைத்திருப்பான். இரண்டு மெல்லிய மரப்பட்டைகளைக் கைப்பிடியில் சேர்த்துக் கட்டிய மட்டை அது. அதால் ஒருவரை அடித்தால் பட்டைகள் இரண்டும் ஒன்றோடொன்று மோதி 'பட்' என்று பெரிய சத்தம் வரும். அடி வாங்கியவருக்கு வலி பெரிதாக இருக்காது. அந்த மட்டைக்குத்தான் பிற்காலத்தில் ஆங்கிலத்தில் ஸ்லாப்ஸ்டிக் என்று பெயர் வந்தது. அப்புறம் அப்படிப்பட்ட உடல்மொழி நகைச்சுவை முழுவதற்கும் அதுவே பெயராகிவிட்டது.

சத்தம் பெரிது, வலி சிறிது. அந்த மட்டையைச் செய்தவர் யாரோ, விஷயத்தின் பாதியைப் பிடித்துவிட்டார். நிஜமாகவே ஒருவருக்குக் கால் முறிந்தால் நாம் ஓடிப்போய்த் தூக்குவோம். மேடையில் முறியவில்லை என்று நம் மனத்துக்கு எங்கோ ஓர் உறுதி கிடைத்த பிறகுதான் சிரிக்க அனுமதி கிடைக்கிறது. அந்த உறுதியைக் கொடுப்பது இந்தக் கலையின் முதல் கடமை.

மீதிப் பாதி எங்கே? அதற்குக் கல்யாண மண்டபத்துக்குப் போகலாம்.

ரச வாளி

பந்தி நடக்கிறது. நீங்கள் இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒருவர் ரச வாளியோடு, யாருக்கோ பதில் சொல்லியபடி பின்பக்கமாக நகர்ந்து வருகிறார். அதே வரிசையின் மறுமுனையிலிருந்து இன்னொருவர் பாயச வாளியோடு, அவரும் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருகிறார். இருவருக்கும் நடுவில் பத்தடி. எட்டடி. ஐந்தடி.

உங்கள் கை சோற்றில் அப்படியே நின்றுவிடும். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பீர்கள்; அவரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பார். இன்னும் எதுவும் கொட்டவில்லை. ஆனால் சிரிப்பு ஏற்கெனவே தொண்டைக்கு வந்துவிட்டது.

இதே விபத்து உங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்திருந்தால்? 'டமார்' என்று சத்தம் கேட்கும், திடுக்கிடுவீர்கள், யாருக்காவது சுட்டுவிட்டதா என்று பார்ப்பீர்கள். கொட்டியது அதே ரசம்தான். வித்தியாசம், முன்னதில் உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அந்த இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

நல்ல ஸ்லாப்ஸ்டிக் இப்படித்தான் இயங்குகிறது. முதலில் பார்ப்பவர் கண்ணில் ஆபத்தை வைக்க வேண்டும். பிறகு அவரைக் காக்க வைக்க வேண்டும். கடைசியில் அவர் எதிர்பார்த்ததைக் கொடுக்க வேண்டும், ஆனால் அவர் எதிர்பார்த்த நொடியில், எதிர்பார்த்த விதத்தில் கொடுக்கக் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்த ஒரு சிறு அலகைத் 'துணுக்கு' என்று வைத்துக்கொள்வோம். ஒரு குறும்படம் என்பது இப்படிப்பட்ட துணுக்குகளின் சங்கிலி.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: அடிபடவில்லை என்ற நிம்மதி ஒன்று, நடக்கப்போவது நமக்கு மட்டும் தெரியும் என்ற பதைப்பு இன்னொன்று. இரண்டும் கூடும்போது சிரிப்பு வருகிறது. விழுவது அந்தப் பதைப்புக்கு ஒரு முடிவு, அவ்வளவே.

இரண்டு பேர், ஒரு பெட்டி

இனி படம். ஒரு பெண்மணி கணவரின் பிறந்தநாளுக்கு அவருக்குத் தெரியாமல் ஒரு பியானோ வாங்குகிறார். தானாகவே வாசிக்கும் இயந்திரப் பியானோ அது. அதை வீட்டில் கொண்டு சேர்க்கும் வேலை லாரலுக்கும் ஹார்டிக்கும் கிடைக்கிறது. குதிரை வண்டியில் பியானோ வருகிறது. வழியில் நின்ற தபால்காரரிடம் முகவரி கேட்கிறார்கள். அவர் மேலே கை காட்டுகிறார். அங்கே ஒரு நீண்ட, செங்குத்தான, நேர்கோட்டுப் படிக்கட்டு. வீடு அதன் உச்சியில்.

கதை இவ்வளவுதான். பெட்டி மேலே போக வேண்டும்.

ஹால் ரோச் ஸ்டூடியோ தயாரித்த படம் இது. இயக்கியவர் ஜேம்ஸ் பாரட். 1932 நவம்பரில் நடந்த ஆஸ்கர் விழாவில் நகைச்சுவைக் குறும்படங்களுக்கென்று முதன்முறையாக ஒரு விருது வைத்தார்கள். அதைப் பெற்றது இந்தப் படம்தான். 1997-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் இதையும் சேர்த்தது. படிக்கட்டு லாஸ் ஏஞ்சலஸ் நகரின் சில்வர் லேக் பகுதியில், வெண்டோம் தெருவில் இன்றும் இருக்கிறது. 133 படிகள். பக்கத்தில் வீடுகள் எழும்பிவிட்டன, செடிகள் மூடிவிட்டன, ஆனாலும் படத்தைப் பார்த்தவர்கள் போய் ஏறிப்பார்த்துவிட்டு வருகிறார்கள். உச்சியில் நாம் படத்தில் காணும் வீடு மட்டும் அங்கே இருந்ததில்லை. அது ஸ்டூடியோவில் போட்ட செட். இந்த விஷயத்துக்குப் பிறகு திரும்பி வர வேண்டியிருக்கும்.

படிக்கட்டு செய்யும் வேலை

மூன்றாவது மாடிக்கு பீரோ ஏற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? லிஃப்டில் நுழையாது, எனவே படிதான். கீழே இருப்பவர் முகம் தெரியாது, பீரோ மறைத்திருக்கும். மேலே இருப்பவர், "கொஞ்சம் சாய், கொஞ்சம் சாய்" என்பார். எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டார். தெருவில் போகிறவர்கள்கூட நின்றுவிடுவார்கள். ஒருவருக்கும் அங்கே வேலை கிடையாது. ஆனால் நகர மனம் வராது, ஏனென்றால் அது எப்போது வேண்டுமானாலும் கீழே வரலாம்.

இந்தப் படத்தில் படிக்கட்டு செய்வது அதையே. கேமரா தெருவில், அடிவாரத்தில் நிற்கிறது. அடி முதல் உச்சி வரை மொத்தப் படிக்கட்டும் ஒரே சட்டகத்துக்குள் தெரிகிறது. அந்த ஒரு காட்சி போதும். யாரும் நமக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. எவ்வளவு ஏறியிருக்கிறார்கள், எவ்வளவு பாக்கி, விட்டால் எவ்வளவு தூரம் போகும் என்று நம் கண்ணே கணக்குப் போட்டுக்கொள்கிறது. சாதாரண நேர்நிலைப் பியானோவே 200 கிலோவுக்கு மேல் இருக்கும். பந்தியில் பத்தடிக்கு இருந்த பதைப்பு இங்கே 133 படிக்கு நீள்கிறது.

அதிலும் ஒரு நுட்பம் உண்டு. அவர்கள் ஏற ஏற விழும் தூரமும் கூடுகிறது. வெற்றி நெருங்க நெருங்க ஆபத்து பெரிதாகிறது. பாதியில் விட்டால் பாதி நஷ்டம், உச்சியில் விட்டால் முழு நஷ்டம். எனவே இவர்கள் நன்றாக வேலை செய்கிற ஒவ்வொரு நிமிடமும் நமக்குப் பயம் கூடுகிறது. இந்த அமைப்பை யோசித்துக் கண்டுபிடித்தவர்களுக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

இன்னொன்று, இங்கே வில்லன் யாரும் கிடையாது. பெட்டியைக் கீழே இழுப்பது பூமி. அதற்குக் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. நடுவில் ஆட்கள் வருகிறார்கள்: குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கும் ஆயா, கீழிருந்து கூப்பிடும் போலீஸ்காரர், பெயருக்குப் பின்னால் பட்டங்களாகவே அடுக்கும் ஒரு பேராசிரியர். ஒவ்வொருவரும் கேட்பது சின்ன விஷயம்தான். வழி விடு, இங்கே வா, ஓரமாகப் போ. ஆனால் பெட்டியிலிருந்து கை எடுக்காமல் அந்தச் சின்ன விஷயத்தைச் செய்ய முடியாது. கை எடுத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். பெட்டி இறங்குகிறது. ஒருமுறை ஹார்டியின் மேலேயே ஏறி இறங்குகிறது. இன்னொருமுறை அதைப் பிடித்துக்கொண்டே அவர் கீழே வரை இழுபட்டுப் போகிறார்.

பெட்டி விழும்போது கேட்கும் ஓசையைச் சொல்லாமல் இருக்க முடியாது. பியானோவுக்குள் கம்பிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் மோதும்போது உள்ளே ஏதோ குமுறுவதுபோல் எல்லாக் கம்பிகளும் சேர்ந்து அதிர்கின்றன. 1927-இல் இதே இருவரும் இதே படிக்கட்டில் ஒரு சலவை இயந்திரத்தை ஏற்றுவதாக 'ஹேட்ஸ் ஆஃப்' என்ற மௌனப் படத்தில் நடித்தார்கள். அதன் பிரதி ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. ஐந்து வருடம் கழித்துப் பேசும் படமாக அதே எண்ணத்தைத் திரும்ப எடுத்தபோது சலவை இயந்திரத்தைப் பியானோவாக மாற்றினார்கள். எவ்வளவு சரியான மாற்றம்! அடிபட்டால் அழக்கூடிய ஒரு பொருளைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். இத்தாலியக் கோமாளியின் மட்டை செய்த வேலையை இங்கே பியானோ செய்கிறது. சத்தம் முழுக்க அதனுடையது. மனிதர்கள் தூசி தட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள்.

வேகமாக ஓடினால் சிரிப்பு வருமா?

பழைய நகைச்சுவைப் படம் என்றாலே ஆட்கள் விறுவிறுவென்று ஓடுவார்கள் என்று ஒரு நினைப்பு. அதற்குப் பெரும்பாலும் காரணம் இயந்திரம். மௌனப் படங்களில் பலவற்றை நொடிக்குச் சுமார் 16 முதல் 20 அசையாப் படங்கள் (ஃபிரேம்கள்) என்ற கணக்கில் எடுத்தார்கள். பின்னாளில் அவற்றை நொடிக்கு 24 ஃபிரேம்கள் வேகத்தில் ஓட்டியபோது எல்லாரும் வேகமாக நடப்பதுபோல் ஆகிவிட்டது. இந்தப் படம் ஒலியோடு வந்தது என்பதால் அந்தக் கோளாறு இதில் இல்லை.

சொல்லப்போனால் லாரலும் ஹார்டியும் தங்கள் காலத்தின் வேகத்தைக் குறைத்தவர்கள். ஒரு துணுக்கு முடிந்தவுடன் அடுத்ததுக்குத் தாவ மாட்டார்கள். பெட்டி விழுந்தபின் ஹார்டி மெதுவாகத் திரும்பி நேராகக் கேமராவைப் பார்ப்பார். கோபம் இல்லை, அழுகை இல்லை. "பார்த்தீர்களா, என் நிலைமையை" என்று நம்மிடமே முறையிடுவதுபோல் ஒரு பார்வை. நடந்த விஷயத்துக்கு ஒருவர் முகம் காட்டும் பதிலை மட்டும் தனியாகக் காட்டும் துண்டுக்கு 'ரியாக்‌ஷன் ஷாட்' என்று பெயர். இந்தப் படத்தில் விழுவது பாதி என்றால் ரியாக்‌ஷன் மீதிப் பாதி. நான் அதிகம் சிரிப்பது விழும்போது அல்ல, அந்தப் பார்வையின்போதுதான்.

இருவரின் குணமும் இதற்கு ஒத்துழைக்கிறது. ஹார்டிக்குத் தான் விவரமானவன் என்று நம்பிக்கை. மரியாதையாகப் பேசுவார், டையை நீவிவிடுவார், அதிகாரம் செய்வார். லாரலுக்கு எதுவும் புரியாது. புரியாதது அவருக்கு ஒரு பிரச்சினையாகவும் தெரியாது. விவரம் தெரிந்ததாக நினைப்பவர்தான் எப்போதும் அடிபடுகிறார். இங்கிலாந்தின் அல்வர்ஸ்டனில் 1890-இல் பிறந்த லாரல், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஹார்லம் என்ற சிற்றூரில் 1892-இல் பிறந்த ஹார்டி, இருவரும் தனித்தனியாகப் பல வருடம் நடித்த பிறகுதான் ஜோடியானார்கள். திரையில் ஒன்றும் புரியாமல் தலையைச் சொறியும் லாரல்தான் திரைக்குப் பின்னால் துணுக்குகளை யோசிப்பதிலும் படத்தொகுப்பிலும் முன்னால் நின்றவர் என்பது புதிதாகக் கேட்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஆக, வேகம் தேவையில்லை. எங்கே நிறுத்துவது, எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதுதான் கைத்திறமை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், குறைகளைப் பேசும்போது இதே நிறுத்தம் திரும்ப வரும்.

தபால்காரர் மறுபடி வருகிறார்

படத்தின் சிகரம் என்று நான் நினைப்பது விழுகிற காட்சியே இல்லை.

ஒருவழியாகப் பெட்டி உச்சிக்குப் போய்விட்டது. அப்போது அதே தபால்காரர் வருகிறார். இதைப் படிவழியாகவா தூக்கிவந்தீர்கள் என்று கேட்கிறார். ஆமாம் என்று பெருமையோடு சொல்கிறார்கள். அதற்குத் தேவையே இல்லையே, சுற்றிவரும் சாலை ஒன்று இருக்கிறது, வண்டியிலேயே மேலே வந்திருக்கலாமே என்கிறார் அவர்.

அடடா, இது நமக்குத் தோன்றவில்லையே என்று இருவரும் பெட்டியைத் தூக்குகிறார்கள். மறுபடி அத்தனை படியும் கீழே இறக்குகிறார்கள். வண்டியில் ஏற்றிச் சாலைவழியாக மேலே கொண்டுவருகிறார்கள்.

யாரும் அடிபடவில்லை, எதுவும் உடையவில்லை. இருந்தாலும் ஸ்லாப்ஸ்டிக்கின் சாரம் இங்கே இருக்கிறது. 1900-இல் சிரிப்பைப் பற்றி எழுதிய பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஆன்றி பெர்க்சன் ஒரு கருத்துச் சொன்னார்: உயிருள்ள மனிதர் இயந்திரம்போல் நடந்துகொள்ளும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. சூழ்நிலை மாறியபின்னும் பழைய பழக்கத்திலேயே போய்க்கொண்டிருப்பவரைப் பார்த்தால் சிரிக்கிறோம். இவர்கள் இருவரும் அப்படித்தான். சரியான வழி இது என்று ஒருவர் சொன்னால் அந்த வழியில்தான் வர வேண்டும், ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டோம் என்பது கணக்கிலேயே வராது.

அதோடு எனக்கு இதில் கொஞ்சம் மனம் கசியவும் செய்கிறது. 1932 என்பது அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தக் காலம். படம் தொடங்கும்போதே, இந்த இருவரும் கையில் இருந்த 3 டாலர் 80 சென்ட்டைப் போட்டுத் தொழில் தொடங்கியதாக ஓர் எழுத்து அட்டை வருகிறது. வேலை கிடைத்ததே பெரிது, சொன்னபடி முறையாகச் செய்துவிட வேண்டும் என்கிற அவர்களின் அக்கறை கேலிக்குரியதாகவும் இருக்கிறது, நல்லதாகவும் இருக்கிறது.

எங்கே தொய்கிறது

இனிக் குறைகள். நேசிக்கிற படம் என்பதற்காக இவற்றை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

அந்தக் காலக் குறும்படங்களை ரீல் கணக்கில் அளந்தார்கள். ஒரு ரீல் என்பது 1,000 அடி படச்சுருள்; பேசும் படத்தில் சுமார் 11 நிமிடம் ஓடும். நகைச்சுவைக் குறும்படம் என்றால் வழக்கமாக இரண்டு ரீல். இது மூன்று ரீல். படிக்கட்டு முடிந்து, பியானோ வீட்டை அடைந்த பிறகும் கணிசமான நேரம் பாக்கி இருக்கிறது.

அங்கே வேகம் குறைகிறது என்று பலரும் சொல்வார்கள். குறைவது வேகமல்ல என்பது என் எண்ணம். படிக்கட்டில் ஒரே திசை இருந்தது, ஒரே ஆபத்து இருந்தது. வீட்டுக்குள் வந்தவுடன் அந்தத் திசை காணாமல் போகிறது. வீட்டில் யாரும் இல்லாததால் கயிறும் கப்பியும் கட்டி மாடி ஜன்னல்வழியாகப் பெட்டியை ஏற்றுகிறார்கள். முன்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் விழுகிறார்கள். ஒருவர் தொப்பியை இன்னொருவர் மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள், திரும்ப மாற்றுகிறார்கள், திரும்பவும் தவறாகப் போட்டுக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சிரிப்புத்தான். ஆனால் அடுத்து என்ன விழும், எந்தப் பக்கம் விழும் என்று நம்மால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. ரச வாளி நம் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

ஸ்டூடியோவில் போட்ட செட் என்று சொன்னேன் அல்லவா, அதுவும் இங்கே உறுத்துகிறது. நிஜத் தெருவின் வெயிலில், நிஜப் படிக்கட்டில் பார்த்துவிட்டு செட்டுக்குள் நுழையும்போது எடை குறைந்ததுபோல் இருக்கிறது. படியில் அந்தப் பெட்டி நூற்றுக்கணக்கான கிலோ என்று நம் உடம்பே நம்பியது. வீட்டுக்குள் அது ஒரு நாடகப் பொருளாகிவிடுகிறது. எடையை நம்பாவிட்டால் விழுவதை எதற்குப் பயந்து பார்ப்பது? ஒரு விதிவிலக்கு மட்டும் சொல்வேன். பெட்டியைப் பிரித்ததும் அதற்குள்ளிருந்து தண்ணீர் கொட்டி வரவேற்பறையே குளமாகிறது. தொட்டியில் விழுந்த பெட்டியில் தண்ணீர் புகுந்திருக்கும் என்பது நியாயம்தானே. முன்னால் விதைத்ததை இங்கே அறுக்கிறார்கள், உடனே சிரிப்பும் வருகிறது.

அடுத்த குறை படத்தினுடையது மட்டுமல்ல, நாம் பார்க்கும் முறையினுடையதும். ஹால் ரோச் ஸ்டூடியோவில் படத்தை வெளியிடும் முன் தியேட்டரில் பொதுமக்களுக்குப் போட்டுக்காட்டி, எங்கே எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று கவனித்துப் படத்தைத் திரும்ப வெட்டி ஒட்டுவார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த துணுக்கு வந்தால் அது கேட்காமல் போய்விடும். அதனால் அந்த ஓசை அடங்கும் வரை ஹார்டியின் பார்வையை நீட்டி வைத்தார்கள். நிறைந்த அரங்கில் அந்த நீளம் கச்சிதமாகப் பொருந்தும். இப்போது நாம் கைபேசியில், காதில் மாட்டிக்கொண்டு, தனியாகப் பார்க்கிறோம். நாம் ஒரு நொடி சிரித்துவிட்டு நிறுத்திவிட்டோம். ஹார்டி இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். 500 பேரின் சிரிப்புக்காக விட்ட இடத்தில் நாம் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருக்கிறோம்.

எனவே புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தனியாகப் பார்க்காதீர்கள். நாலு பேராவது சேர்ந்து பாருங்கள், அதில் ஒரு குழந்தையும் ஒரு தாத்தாவும் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டில் ஒருமுறை அப்படிப் பார்த்தபோது, எனக்குத் தொய்வாகத் தெரிந்த தொப்பிக் காட்சிக்குக் குழந்தைகள் மூச்சுவிடாமல் சிரித்தார்கள். அன்று அந்தக் காட்சி எனக்கும் நீளமாகத் தெரியவில்லை.

வலிக்கிற அடி

அடிபடவில்லை என்ற உறுதி முதல் கடமை என்றேன். இந்தப் படம் அதைத் தவறவிடும் ஓரிரு இடங்கள் உண்டு.

ஆயா காட்சி எனக்கு எப்போதும் நெருடும். பெட்டி சரிந்து போவதைப் பார்த்து அந்தப் பெண் சிரிக்கிறார். லாரல் அவரைப் பின்னால் உதைக்கிறார். அவர் திருப்பி லாரலைக் குத்துகிறார். அதைப் பார்த்துச் சிரித்த ஹார்டியின் தலையில் பால் புட்டியை உடைக்கிறார். ஒருவர் கொடுக்க மற்றவர் திருப்பிக் கொடுக்கும் இந்த வரிசை லாரல் ஹார்டி படங்களில் வழக்கமாக வருவது. அந்தப் பெண் சும்மா வாங்கிக்கொண்டு போகவில்லை என்பது அந்தக் காட்சியை ஓரளவு காப்பாற்றுகிறது. ஆனாலும் முதல் உதை பூமியின் வேலை அல்ல, ஒரு மனிதர் வேண்டுமென்றே செய்தது. பெட்டி ஹார்டியின் மேல் ஏறும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது, இந்த உதைக்கு வரவில்லை. எடை அதிகமா குறைவா என்பது இதில் காரணமே இல்லை. ஒன்று விபத்து, மற்றது எண்ணம்.

பேராசிரியரின் பாத்திரமும் அப்படித்தான். ஜெர்மானியப் பெயர், உடைந்த உச்சரிப்பு, மூக்குமேல் கோபம். வெளிநாட்டார் பேசும் விதத்தையே கேலியாக்குவது அக்கால மேடையின் மலிவான வழக்கம். நடித்த பில்லி கில்பர்ட்டின் ஆவேசத்தில் ஒரு தாளம் இருக்கிறது, அதனால் பல இடங்களில் உச்சரிப்பை மறந்து ஆளை ரசிக்க முடிகிறது. பட்டங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, இவ்வளவு படித்த நானா சுற்றிப்போவது என்று அவர் கொதிக்கும்போது சிரிப்பு வருவது அகம்பாவத்தைப் பார்த்து. அங்கே எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. அவர் தொப்பி படிகளில் உருண்டு தெருவுக்குப் போய் ஒரு வண்டியின் சக்கரத்தில் நசுங்கும்போது, வெகு தூரம் அது போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். பெட்டிக்கு நடப்பது தொப்பிக்கும் நடக்கிறது.

கோடாரி

கடைசிக் கட்டத்தில் படம் திரும்ப எழுந்துகொள்கிறது.

பியானோவுக்கு மின்சாரம் கொடுத்தாயிற்று. அது அமெரிக்க தேசபக்திப் பாடல்களைத் தானாக வாசிக்கிறது. இருவரும் சிதறிய குப்பையைக் கூட்டியபடியே ஆடத் தொடங்குகிறார்கள். அரை மணி நேரம் இருவரையும் பாடாய்ப் படுத்திய பொருள் இப்போது அவர்களுக்காகப் பாடுகிறது. படம் முழுவதிலும் இந்த ஒரு நிமிடம்தான் எதுவும் விழாமல், எதற்கும் காத்திருக்காமல் போகிறது.

அப்போது வீட்டுக்காரர் வருகிறார். படிக்கட்டில் மல்லுக்கு நின்ற அதே பேராசிரியர். அவருக்குப் பியானோ என்றாலே ஆகாது. கோடாரியை எடுத்து வெட்ட ஆரம்பிக்கிறார். நடுவில் பியானோ தேசிய கீதத்தை வாசிக்கத் தொடங்குகிறது. மூன்று பேரும் அப்படியே விறைத்து நின்று சல்யூட் அடிக்கிறார்கள். பேராசிரியர் கையில் கோடாரி. கீதம் ஒலிக்கும் வரை ஒருவரும் அசையவில்லை. நாமும் அசையாமல் காத்திருக்கிறோம், ஏனென்றால் கடைசி ஸ்வரம் அடங்கிய நொடியில் அந்தக் கோடாரி எங்கே இறங்கப்போகிறது என்று நமக்குத் தெரியும்.